கல்லூரிச் சேர்க்கைக்கும் மொய் எழுதுவோம்

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருவர்)

கோடை முடியும் பருவம் கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் குறைவதால் மட்டும் தெரிவதில்லை. வீட்டுக்கு வீடு வந்து குவியும் அழைப்பிதழ்களால் தெரியும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா முடிந்து, தீச்சட்டி எடுத்தவர்கள் வீடு திரும்பியதும், ஊரை ஓர் அவசரம் பற்றிக்கொள்கிறது. ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் கிடையாது. ஆகவே கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா அத்தனையும் வைகாசி, ஆனி என்னும் இரண்டு மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும். கூடலூரிலிருந்து தேனி வரை முகூர்த்த நாளில் காலியான மண்டபத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

அதே இரண்டு மாதங்களில்தான் வயலும் நம்மைக் கூப்பிடுகிறது. பென்னிகுவிக் பாடுபட்டு எழுப்பி, 1895-ஆம் ஆண்டு பயனுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, நீர்மட்டம் இடங்கொடுக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் தேதியை ஒட்டி முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கர், போடி வட்டத்தில் 488 ஏக்கர், ஆக மொத்தம் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறது. தண்ணீர் வந்தால் போதுமா? விதைநெல் வேண்டும், உழவுக்கூலி வேண்டும், நடவுக்கூலி வேண்டும். எல்லாவற்றுக்கும் கையில் ரொக்கம் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. அதை ஒட்டியே கல்லூரிச் சேர்க்கையும் நடக்கிறது. விழா, வயல், படிப்பு என்ற மூன்றும் ஒரே மடியிலிருந்து, ஒரே நேரத்தில் பணம் கேட்கின்றன. இந்த மூன்றில் எதற்கு முதலிடம் தருகிறோம், எதைக் கடைசியில் வைக்கிறோம் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மொய்யைப் பற்றிச் சில சொற்கள். படித்தவர்கள் சிலர் மொய் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவள் அல்லள். பந்தல் வாசலில் மேசை போட்டு இருவர் அமர்வார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார்; மற்றவர் ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று வரிசையாக நோட்டில் எழுதுவார். இப்போது சில இடங்களில் கணினி வந்து, இரசீதும் கையில் தருகிறார்கள். கருவி மாறினாலும் கணக்கு மாறவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் ஒருவர் 500 ரூபாய் எழுதியிருந்தால், அவர் வீட்டு விழாவில் நாம் 1,000 எழுதுகிறோம். அதில் 500 பழைய மொய், 500 புது மொய். பழையதைக் கொடுத்ததால் கடன் தீர்கிறது. புதியதைக் கொடுத்ததால் உறவு தொடர்கிறது.

இதற்குப் பத்திரம் உண்டா? இல்லை. பிணை உண்டா? இல்லை. வங்கி வாசலை மிதிக்கத் தயங்கும் ஏழைக்கும் ஒரே நாளில் ஒரு பெருந்தொகை கிடைக்கிறது. அவனுடைய நாணயம் ஒன்றே ஈடு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ஆம் ஆண்டு கொடைகளைப் பற்றி எழுதிய ஆய்வில், கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பித் தருவது ஆகிய மூன்றுமே சமுதாயக் கடமைகள் என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவற்றுள் தொலைதூரத் தீவு மக்களின் வழக்கங்களும் உண்டு. நம் சின்னமனூர்ப் பக்கம் வந்திருந்தால் ஒரு மொய் நோட்டைப் புரட்டியே அதைக் கண்டிருப்பார்!

ஆனால் பொருளியல் பயிலும் மாணவி என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொய்க்கு வட்டி இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். உண்மையில் வட்டி இருக்கிறது. அது வேறு பெயரில் இருக்கிறது. கொடுத்த மொய்யைக் கடைக்குப் போய்த் திரும்பக் கேட்க முடியாது. விழா நடத்தினால்தான் அது திரும்பி வரும். விழா என்றால் மண்டபம், பந்தல், ஒலிபெருக்கி, கிடாய், பிரியாணி, பேருந்து நிலையம் வரை விளம்பரப் பதாகை. வருகிற மொய்யில் ஒரு பெரும்பங்கு இவற்றுக்கே போய்விடுகிறது. பந்தலும் பிரியாணியும்தான் மொய்யின் வட்டி. "வரவேண்டிய மொய் வெளியில் நிற்கிறதே, ஒரு விழா வைத்தால் என்ன?" என்று காரணம் தேடி விழா வைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. விழாவுக்காக மொய் என்பது போய், மொய்க்காக விழா என்று ஆகிவிட்டது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் மொய் நோட்டுகளை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்துக்கு இருக்கும் மரியாதை அவற்றுக்கும் உண்டு. சென்ற விடுமுறையில் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். என் பெயரில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று, குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி எனக்குக் காது குத்திய நாளுக்கு உரியது. மற்றொன்று, நான் பெரியவளான போது நடந்த விழாவுக்கு உரியது. மூன்றாவது நோட்டு என் திருமணத்துக்கு என்று காத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் கல்லூரிக்குப் போனாளே, அந்த நாளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை! அன்று என் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. அதற்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. நல்ல உடை நான்கு வேண்டும், சான்றிதழ்களுக்கு அலைய வேண்டும், பயண அட்டை கைக்கு வரும்வரை பேருந்துச் செலவு உண்டு, புத்தகம் உண்டு, விடுதி என்றால் முன்பணம் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிது, இதுவரை வேலைக்குப் போய்க் கொண்டுவந்த கூலி நின்றுபோவது. ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

என்னோடு பிளஸ் டூ படித்த தோழி ஒருத்தி. வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவள். அந்த ஆண்டு ஆனியில் அவள் தங்கைக்கு விழா. உறவெல்லாம் திரண்டு வந்தது. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் தெருவை அடைத்தன. மொய்யும் நன்றாகத்தான் வந்தது. பந்தல்காரர், சமையல்காரர், நகைக்கடை என்று எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோது கையில் மிஞ்சியது நாற்று நடவுக்குச் சரியாக இருந்தது. கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நாள் நடுவில் ஓசையில்லாமல் கடந்துபோயிற்று. "அடுத்த வருசம் பாப்போம்" என்றார்கள். அடுத்த ஆண்டும் வந்தது. இன்று அவள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டத்துக்குப் போய் வருகிறாள். அந்த வேலை இழிவானதன்று. நம் அன்னையர் பலர் அதில்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால் அது அவள் விரும்பித் தேர்ந்த பாதையன்று. அவளை அன்போடு நேசித்த முந்நூறு பேர் ஒரே பந்தலில் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் படிப்பு ஒரு விசேஷமாகத் தோன்றவில்லை. இதைவிட வேறு கொடுமை உண்டா?

காது குத்துவதைக் கொண்டாடுகிறோம். பருவம் எய்துவதைக் கொண்டாடுகிறோம். இவை தாமாக வருபவை, அல்லது பிறர் செய்து வைப்பவை. பன்னிரண்டு ஆண்டுகள் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு பெண் தானே முயன்று அடைந்ததை மட்டும் ஏன் கொண்டாட மறுக்கிறோம்?

ஆகவே என் கருத்து இதுதான். கல்லூரியில் சேர்வதையும் ஒரு விசேஷமாக்குவோம். அதற்கும் மொய் எழுதுவோம்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மாச்சி சிரித்தார். "படிக்கப் போறதுக்கு எதுக்குத்தா மொய்யி? படிச்சு வேலைக்குப் போனா அப்பப் பாத்துக்குவோம்" என்றார். "வேலைக்குப் போன பிறகு மொய் எதற்கு அம்மாச்சி? நாற்றுக்குத்தானே தண்ணீர் வேண்டும், கதிருக்கா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வந்து குடுப்பாங்களா?" என்றார். அதுதான் சரியான கேள்வி.

கொடுப்பார்கள் என்பதற்கு என்னிடம் மூன்று சான்றுகள் உண்டு. முதலாவது நம் அரசே காட்டிய வழி. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-ஆம் ஆண்டு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அது செயலுக்கு வந்தது. கல்யாணப் பந்தலில் எழுதிய மொய்யை அரசு கல்லூரி வாசலில் எழுதத் தொடங்கியது என்றே நான் இதைக் காண்கிறேன். அரசால் முடிந்தது உறவால் முடியாதா?

இரண்டாவது, நம் தமிழ்நாட்டு மொய் விருந்துகள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய்க்காகவே விருந்து வைப்பார்கள். விசேஷம் இல்லாமலே பணம் சேர்கிறது என்றால், படிப்பு என்னும் விசேஷத்துக்குச் சேராதா? 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தின் போது புதுக்கோட்டை மாவட்டத்துத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் மொய் விருந்து நடத்தி நிவாரணத்துக்குப் பணம் திரட்டியதை நாளிதழ்களில் படித்தோம். ஆகவே மொய் என்பது பழைய தடத்தில் மட்டுமே ஓடும் வண்டி அன்று.

மூன்றாவது, கடல் கடந்த சான்று. கென்யா 1963-ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்ற சொல்லை நாட்டின் முழக்கமாக்கினார். எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் பொருள். ஊர் மக்கள் கூடிப் பணம் போட்டு உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகக் கூட்டம் கூட்டி நிதி திரட்டும் வழக்கமும் அங்கே பரவியது. நம்மிடம் நோட்டும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. புதிதாக ஒரு பக்கம் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

எப்படிச் செய்வது? மண்டபம் வேண்டாம், வீட்டு வாசல் போதும். கிடாய் வேண்டாம், சுண்டலும் தேநீரும் போதும். பதாகை வேண்டாம், பருவமெய்திய சிறுமியின் படத்தைப் பேருந்து நிலையத்தில் தொங்கவிடும் வழக்கத்தால் அவள் படும் கூச்சத்தைப் பெண்களாகிய நாங்கள் அறிவோம். தேர்வு முடிவு வந்து கல்லூரியில் இடம் கிடைத்த வாரத்திலேயே, பணம் கட்டும் நாளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில் வைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் தட்டுக்குப் பதில் புத்தகப்பை கொண்டுவரட்டும். அத்தை பட்டுப்புடவைக்குப் பதில் விடுதி முன்பணம் தரட்டும். எழுதிய தொகை வழக்கம்போல் மொய்க் கணக்கில் நிற்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாளில் நாம் திருப்பி எழுதுவோம். பந்தல் செலவு இல்லாததால் வந்தது அப்படியே பிள்ளைக்குச் சேரும். நான் முன்பு சொன்ன அந்த மறைமுக வட்டியும் ஒழியும்.

"எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இல்லையே, எழுதிய மொய் எப்படித் திரும்பும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் வீட்டுக் கல்யாணத்திலோ காதணி விழாவிலோ திருப்பி எழுதுவதை யார் தடுத்தார்கள்? நோட்டு ஒன்றுதானே! இன்னொரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். மொய் என்பது கொடுத்தவருக்கே திரும்பி வருவது. கொடுக்கவே வழியில்லாத வீடு, கணவனை இழந்து பந்தலின் ஓரத்தில் நிறுத்தப்படும் தாயின் வீடு, சொந்தபந்தம் இல்லாத வீடு ஆகியவற்றின் பிள்ளைகளுக்கு இந்த வழி எட்டாது. அவர்களுக்கு அரசின் உதவித்தொகையும், முன்னாள் மாணவர்களின் கையும் வேண்டும். நம் யோசனை அவற்றுக்கு மாற்று அன்று; துணை.

சடங்குகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாச்சியின் மடியில் இருந்து, தாய்மாமன் கையால் மாலை வாங்கிய நாளை எந்தப் பெண்ணும் வெறுக்க மாட்டாள். அந்த வரிசையில் இன்னொரு நாளையும் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன். உறவினர் எழுதும் மொய்யில் பணம் மட்டும் இல்லை. "நீ செய்வது எங்களுக்கும் நல்ல காரியம்" என்ற ஒப்புதலும் இருக்கிறது. முந்நூறு பேர் சாட்சியாக மொய் எழுதி அனுப்பிய பெண்ணின் படிப்பை, பாதியில் நிறுத்தி மணம் முடிக்க எந்தத் தகப்பனும் எளிதில் துணிய மாட்டார். அந்த முந்நூறு பேருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

தோழர்களே, தோழியரே! இந்த மலரைப் படிக்கும் நீங்கள் பலரும் உங்கள் வீட்டு முதல் பட்டதாரிகள். விழா வீடுகளில் "படித்த பிள்ளை" என்று நம்மைத்தான் மொய் எழுத உட்கார்த்துகிறார்கள். பேனா நம் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் என் தம்பி இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அவன் பெயரில் புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'கல்லூரிச் சேர்க்கை' என்று தலைப்பிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மறுப்புச் சொல்லாமல் வாங்கிக் கொண்டார். முதல் வரியில் 501 ரூபாய் எழுதியவர் அம்மாச்சி.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு வாங்குங்கள்.