கரடிக்கு அஞ்ச வேண்டாம்

காடு மலை என்றதும் நம்மவர்களுக்குக் கரடிதான் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டைச் சீமையிலே நார்த்தாமலைக்கும் சித்தன்னவாசலுக்கும் செல்லும் அன்பர்கள் அந்தக் கவலையை விட்டுவிடலாம். அஞ்ச வேண்டியது, வறண்ட பாறை நிலத்தை விரும்பி வாழும் ஒரு முழ நீளப் பிராணிக்கு. சுருட்டை விரியன் என்பது அதன் பெயர். பாதரட்சையின்றி மலையேறுவதும், கண்ணுக்குத் தெரியாத கல்லிடுக்கில் கை வைப்பதும் கூடா.

பாரத தேசத்தில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாகச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியால் மாண்டதாக ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். விஷத்துக்குத் துணை நிற்பது தாமதம். கயிற்றால் இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் தீங்கே தரும். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே முறை. பாம்பை அடித்து எடுத்துச் செல்லவும் வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து ஒன்றே.

அம்மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவோர் யார்? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நம் நாட்டு ஏழை மக்கள் உயிரைப் பணயம் வைத்துத் தேடித் தந்த மருந்து ஆஸ்பத்திரியில் காத்திருக்க, நாம் மந்திரவாதியின் வாசலில் காத்திருக்கலாமா?