சென்னையில் தீர்மானம், சிதம்பரத்தில் சிகிச்சை

அரியவகை நோய்கள் பற்றித் தமிழ்நாட்டில் அவ்வப்போது எழும் பொதுக் கவனம், மருந்தின் விலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. முதுகுத் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு கண்ட நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கு, ஒரே ஒரு ஊசிக்காக 2021இல் பொதுமக்களிடம் 16 கோடி ரூபாய் திரட்டப்பட்டதும், அதற்கான இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஏறத்தாழ 7,000 எனக் கணக்கிடப்படும் இந்நோய்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே உரிய மருந்து உள்ளது. எனவே, நோயை யார் கண்டுபிடிப்பது, எந்த ஊரில் காட்டுவது, பேருந்துச் செலவையும் இழந்த கூலியையும் எப்படி ஈடுகட்டுவது என்னும் கேள்விகளோடுதான் பெரும்பாலான குடும்பங்களின் நாட்கள் கழிகின்றன.

2021 மார்ச்சில் வெளியான தேசிய அரியவகை நோய்கள் கொள்கை, ஒரே முறை செய்யும் சிகிச்சையால் குணமாகக்கூடியவை, ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் நெடுங்காலம் சிகிச்சை தேவைப்படுபவை, மிக அதிகச் செலவில் வாழ்நாள் முழுதும் மருந்து தேவைப்படுபவை என நோய்களை மூன்று பிரிவுகளாக வகுக்கிறது. ஒரு நோயாளிக்கான நிதியுதவியின் உச்சவரம்பு 2022இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அந்த உதவியை அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாகவே பெற முடியும். தமிழ்நாட்டில் அத்தகைய மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. சிதம்பரத்திலிருந்து அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வீராணம் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்படுபவர்கள் முதலில் சிதம்பரத்துக்கே ஒரு பேருந்து பிடித்தாக வேண்டும்.

இந்தத் தொலைவு எத்தகைய சுமை என்பதற்குக் காஷே நோய் தகுந்த சான்று. உயிரணுக்களில் சேரும் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை நிகழ்த்தும் புரதம், பிறவியிலேயே குறைந்திருப்பதால் மண்ணீரல் வீங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, எலும்புகள் வலுவிழக்கும் நோய் இது. குறையும் நொதியை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்: குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியசில் காக்கப்பட்ட குப்பியின் மருந்தைக் கரைத்து, உப்புநீரில் கலந்து, ஓரிரு மணி நேரம் மெல்ல ஏற்றிக்கொண்டே, ஒவ்வாமை தலைகாட்டுகிறதா என ஒரு செவிலியர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் எழும்பூரில் மட்டுமே செய்யத்தக்கது எதுவும் இல்லை. பிரிட்டனில் இதை நோயாளியின் வீட்டிலேயே ஏற்றும் வழக்கம் உண்டு. மேலும் மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் குழந்தை வளர வளரச் செலவும் வளர்கிறது, 50 லட்சம் என்னும் வரம்போ வளர்வதில்லை. பிள்ளை எடை கூடுவதைக் கண்டு பெற்றோர் கவலைப்பட நேர்வது விந்தையான நிலை.

விலைப் பக்கத்தில் சில அசைவுகள் தெரிகின்றன. உரிய அரியவகை நோய்களுக்குத் தனிநபர் பயன்பாட்டுக்காக இறக்குமதியாகும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரி இல்லை. டைரோசினீமியா என்னும் வளர்சிதைமாற்றக் கோளாறுக்கு ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் வரை ஆன மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பால் சுமார் 2.5 லட்சத்துக்கு வந்துள்ளதாக அதே ஆண்டு அரசு அறிவித்தது. மருந்து மலிவாகும்போது, அதைக் கொடுக்கும் இடமும் அருகில் வருவதே முறை.

சிதம்பரம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்துக்கு இதற்கான வசதி ஏற்கெனவே உண்டு. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் உள்ள, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்து அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. நோயறுதியையும் மருந்து ஒதுக்கீட்டையும் எழும்பூர் தீர்மானிக்கட்டும். ஏற்றுவதும் தொடர்ந்து கவனிப்பதும் சிதம்பரத்தில் நடக்கட்டும் என ஓர் அரசாணை பிறப்பிக்கப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை.

மருந்தால் குணமாகாத நோய்களில் இந்த அருகாமையின் பயன் இன்னும் பெரிது. டுஷேன் தசைச்சிதைவு நோய் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மூன்று, நான்கு வயதில் சிறுவன் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றித் தன்மேலேயே ஏறுவதுபோல நிமிர்வான். கெண்டைச் சதை மட்டும் பருத்திருப்பதால் பையன் திடமாக இருக்கிறான் என்றே வீட்டார் நினைப்பார்கள். சிதையும் தசையிலிருந்தும் இரத்தத்தில் கலக்கும் சில நொதிகள் பொதுவாகக் கல்லீரல் பரிசோதனையில் அளக்கப்படுபவை என்பதால், அவை உயர்ந்திருப்பதைக் கண்டு ஈரல் கோளாறு என்று எண்ணிக் காலம் கடத்துவதும் உண்டு. சி.பி.கே. என்னும் எளிய இரத்தப் பரிசோதனையை அப்போதே எழுதிக் கொடுத்தால், ஆண்டுக்கணக்கான அலைச்சல் மிச்சமாகும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் செல்லும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுக்களுக்கு, சிறுவன் தரையிலிருந்து எழும் விதம் என்னும் இந்த ஓர் அடையாளத்தைக் கற்பிப்பது ஒரு பிற்பகல் வேலை.

நோய் உறுதியானபின் பழி தாயின்மேல் விழுவதும், சொந்தத்தில் கொடுத்ததன் வினை என்று உறவினர் தீர்ப்புக் கூறுவதும் வழக்கம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். நாட்டிலேயே இது மிக உயர்ந்த அளவு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் காஷே போன்ற நோய்களின் வாய்ப்பை மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணப்பது கூட்டவே செய்யும். டுஷேனோ எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. அதற்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பில்லை, மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில் தாயிடம்கூட அப்பழுது இருப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாரை உட்காரவைத்துத் தமிழில் விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகர் மாவட்ட அளவில் ஒருவரேனும் வேண்டும். அடுத்த கருவைப் பற்றியும், அக்காள் தங்கைகளின் பரிசோதனை பற்றியும் முடிவெடுக்க வேண்டியவர்கள் குடும்பத்தாரே.

தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மாநில அரசு 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். இரண்டும் நல்ல ஏற்பாடுகள், ஆயினும் இருவேறு துறைகளுடையவை. உதவித்தொகைப் பட்டியலில் உள்ள பெயர் இயன்முறைச் சிகிச்சையாளரின் பட்டியலுக்குத் தானாகச் சென்று சேர்வதற்கு வழி செய்யப்பட வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளாலும் இரவுநேரச் சுவாசக் கருவியாலும் டுஷேன் சிறுவர்கள் இன்று இருபதுகளைக் கடந்தும் வாழ்கிறார்கள். அந்த வயதில் அவர்கள் குழந்தைகள் மருத்துவமனையின் வரம்பிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அவர்களுடைய இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கவேண்டிய பெரியவர்களுக்கான துறைகள் அண்ணாமலை நகரில் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் இளைஞரை ஒரே நாளில் அத்துறைகள் அனைத்திலும் பார்த்து அனுப்பும் வாராந்திரப் புறநோயாளர் பிரிவை அங்கே தொடங்குவதற்குக் கல்லூரி முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும்.