வாரம் ஒரு நாள் யாரால் முடியும்?

அகளியில் கூலிக்குப் போகிற ஒருவருக்குக் காலில் அடிபட்டால் எங்கே போவது என்று அவருக்குத் தெரியும். அகளியிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கோட்டத்தறையில் அதைவிடப் பெரியது இருக்கிறது. அங்கும் முடியாது என்றால் ஆனைக்கட்டி வழியாகக் கோவைக்குப் போகலாம். அடி மனத்தில் பட்டிருந்தால் எங்கே போவது? காட்டு யானை ஒரு மனிதனைத் தூக்கி எறிந்ததைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, ஆறு மாதமாகியும் இருட்டிய பிறகு வாசலைத் தாண்ட முடியாமல் இருக்கிறவர் உண்டு. மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்து, ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிற தாய் உண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப் கவிழ்ந்ததில் உயிர் பிழைத்து, இனி ஜீப்பில் ஏறவே மாட்டேன் என்று கூலியை விட்டுவிட்ட பெண்ணும் உண்டு. இவர்களுக்குக் கை கால் நன்றாகவே இருக்கிறது. அதனாலேயே இவர்களை யாரும் நோயாளி என்று கருதுவதில்லை. "பயந்த சுபாவம்" என்பார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். ஆண்களானால் சாராயத்தில் ஆறுதல் தேடுவார்கள்.

இது சுபாவமல்ல, சிகிச்சைக்குரிய நோய். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி 'மனவடு' என்ற பெயரிலேயே தமிழில் நூல் எழுதியிருக்கிறார். பேரிடியைக் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் உறவினர் துணையோடு தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால் சிகிச்சை அவசியம். அந்தச் சிகிச்சை முக்கியமாகப் பேச்சுதான். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, ஒளிக்காமல், பல தடவை சொல்லச் செய்கிறார்கள். சொல்லச் சொல்ல, சிதறிக் கிடந்த நினைவுக்கு ஓர் இடமும் நேரமும் கிடைக்கிறது. 'அது அன்றைக்கு நடந்தது, இப்போது நடக்கவில்லை' என்பதை மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் இந்தப் பேச்சுக்கு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் என்று பத்துப் பன்னிரண்டு வாரங்கள் வரச் சொல்வதே வழக்கம். இந்த வழக்கம் பெரிய நகரங்களில் பிறந்தது. டாக்டரின் நாட்குறிப்புக்கு அது சௌகரியம். அகளியிலிருந்து பாலக்காட்டுக்குப் போக வேண்டுமானால் சுரம் இறங்கி, மன்னார்க்காட்டில் பஸ் மாறி, மாலையில் அதே வழியில் ஏறி வர வேண்டும். மூணாற்றிலிருந்தோ வண்டிப்பெரியாற்றிலிருந்தோ இடுக்கி மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தாலும், குமுளியிலிருந்து மலையிறங்கித் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தாலும் ஒரு நாள் போய்விடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் கூலி, போக வர பஸ் கட்டணம், வழியில் சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று செலவு சேரும். பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு நாள் கூலி போகும். மூன்றாவது வாரமே அந்தத் தொழிலாளி நின்றுவிடுகிறார் என்றால், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று சீட்டில் எழுதுவது நியாயமா?

குமாஸ்தாக்களின் சங்கடம் வேறு விதம். அவர்களுக்குத் தற்செயல் விடுப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் விடுப்புக் கேட்டால், நான்காவது வியாழனன்று மேலதிகாரி காரணம் கேட்பார். உண்மையைச் சொன்னால் ஐந்தாவது வியாழனுக்குள் ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிடும். ஊருக்குப் போய் வருகிறேன் என்று சேர்ந்தாற்போல் ஏழு நாள் எடுத்தால் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

பன்னிரண்டு வாரத்துக்குப் பரப்பிய சிகிச்சையை ஒரே வாரத்திலோ இரண்டு வாரத்திலோ சேர்த்து அளித்தால் என்ன என்ற யோசனை இந்த இடத்தில்தான் வருகிறது. பிற நாடுகள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டன. பிரிட்டனில் 121 நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2014-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஏழு நாட்களுக்குள் நாள்தோறும் பல மணி நேரம் சிகிச்சை நடந்தது. மற்றொரு பிரிவினருக்கு அதே சிகிச்சை வாரம் ஒன்றாக மூன்று மாதம் நடந்தது. முதல் பிரிவில் நூற்றுக்கு 73 பேரும், இரண்டாவது பிரிவில் 77 பேரும் குணமடைந்தார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்த பிரிவில் தேறியவர்கள் நூற்றுக்கு 7 பேரே. ஏழு நாளும் மூன்று மாதமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராணுவ முகாமொன்றில் 370 படையினரிடம் நடந்த ஆராய்ச்சியிலும் (2018), ஒன்றரை மணி நேர அமர்வுகள் பத்தை இரண்டே வாரத்தில் முடித்தவர்கள் எட்டு வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பின்தங்கவில்லை. இரண்டு பிரிவிலும் முழுக்கக் குணமாகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஒரு நிலையம் நோயாளிகளைத் தங்க வைத்து, வாரம் நான்கு நாளாக இரண்டு வாரத்தில் எட்டு நாள் சிகிச்சை தருகிறது. பேச்சு சிகிச்சையோடு உடற்பயிற்சியும் உண்டு. அங்கே 347 பேரைப் பற்றிய அறிக்கையில், நடுவில் நின்றுபோனவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு அந்த ஆராய்ச்சியில் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் நோயாளிகள் பாதியில் நிற்பதே பெருங்கவலையாக உள்ள இந்த மலைப்பகுதிக்கு அந்த ஒரு கணக்கே போதும்.

பணக்கார நாடுகளின் கதை மலைத்தோட்டத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பதில் தமிழர்களிடத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கிய பின், போரையும் கண்டு கடலையும் கண்ட வடகிழக்கு இலங்கைப் பிள்ளைகள் 31 பேருக்கு, அகதி முகாமிலேயே இத்தகைய குறுகிய காலச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை தந்தவர்கள் பட்டம் பெற்ற டாக்டர்கள் அல்ல. பயிற்சி அளிக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள். மொத்தம் ஆறே அமர்வுகள். இந்த முறையில் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுகிறார்கள். அது பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு ஒவ்வொரு கல்லாக நின்று, அங்கே நடந்ததைப் பிள்ளை சொல்கிறது, கேட்பவர் எழுதிக்கொள்கிறார். முடிவில் அந்தக் கதை முழுவதும் எழுத்தில் பிள்ளையின் கைக்கே வருகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 81 பேர் தேறியிருந்தார்கள். தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் பெற்ற மற்றொரு பிரிவில் 71 பேர் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் எழுதினார்கள். எந்த முறை உயர்ந்தது என்று டாக்டர்கள் வாதிடட்டும். இரண்டு பிரிவுக்கும் பொதுவாக இருந்தவை எவை என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். இருந்த இடத்திலேயே சிகிச்சை நடந்தது. சொந்த மொழியில் நடந்தது. ஆறே அமர்வில் முடிந்தது.

இடுக்கிக்கு இந்தத் தேவை புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்து விழுந்தது. 70 பேர் மடிந்தார்கள். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் டெலிபோனும் இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாகிவிட்டது. அந்த இரவு முழுவதும் இருட்டில் கூக்குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்களும், பின்னர் வாரக் கணக்கில் ஆற்றங்கரையில் சடலம் தேடியவர்களும் உயிரோடு இருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு வீடு கட்டித் தந்தது பாராட்டுக்குரியது. வீட்டுக்கு அளவெடுக்க முடிகிறது, உதவித் தொகைக்குக் கணக்கு எழுத முடிகிறது. தூக்கத்துக்குக் கணக்கெழுதும் பதிவேடு எந்த ஆபீஸிலும் இல்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தபோது ஆலோசகர்கள் விரைந்து போனார்கள். முதல் வாரத்து ஆறுதல் வேறு, ஆறாவது மாதத்துச் சிகிச்சை வேறு. விபத்து நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்ல வைப்பது பலன் தராது, சிலருக்குத் தீங்குகூடச் செய்யும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அப்போது வேண்டியது சோறும் கூரையும் பக்கத்தில் ஒரு மனிதரும்தான். கூட்டம் கலைந்து, கேமராக்களும் போன பிறகே சிகிச்சையின் காலம் தொடங்குகிறது. ஆட்கள் இல்லாமல் போவதும் அப்போதுதான்.

மொழி இதைவிடக் கடினமான விஷயம். மலையாளத்தில் கடைக்குப் போகலாம், பஸ் ஏறலாம், ஆபீஸில் மனுக் கொடுக்கலாம். செத்த பிள்ளையைப் பற்றி மலையாளத்தில் சொல்ல ஒரு தமிழ்த் தாயால் முடியாது. தாய்மொழியில் வராத அழுகை தொண்டையிலேயே நின்றுவிடும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத வழி செய்திருக்கிறது. காகிதத்துக்குத் தரப்பட்ட அந்த உரிமை நாவுக்கும் வர வேண்டும். அட்டப்பாடியில் இருளர் முதலிய பழங்குடியினருக்கு அவரவர் பேச்சு மொழியே வேண்டும் என்பதும் இதே நியாயம்தான். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில், தமிழிலும் பேசலாம். தெரியாதவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லி வைப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்கு அது பெருந்துணை. ஆனால் கல்லையும் பூவையும் டெலிபோனில் வைத்துப் பார்க்க முடியாது.

அரசு செய்ய வேண்டியது பெரிய கட்டிடம் ஒன்றுமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இருக்கிறது. அதன் டாக்டர்கள் ஊர் ஊராக வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும், மாத்திரையும் கிடைக்கும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு, ஆண்டுக்குச் சில தடவை, மழைக்காலம் முடிந்த மாதங்களில், கோட்டத்தறையிலும் மூணாற்றிலும் பீருமேட்டிலும் ஒரு வாரம் தங்கிப் பெறும் சிகிச்சை முகாம் நடத்தலாம். பத்துப் பேருக்குப் படுக்கை, சாப்பாடு, துணைக்கு வருகிறவருக்கு ஓர் இடம், தமிழ் பேசும் ஆலோசகர் நால்வர், மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவர் இருந்தால் போதும். கண் சிகிச்சைக்கு இப்படி முகாம் நடத்திப் பழக்கமான நாடு இது.

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல என்பதை மறைக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், சித்தம் கலங்கியிருப்பவர், குடியை விட முடியாதவர் ஆகியோருக்கு முதலில் அதற்குரிய வைத்தியம் நடக்க வேண்டும். நாளெல்லாம் நினைவைக் கிளறுவது கடும் உழைப்பு. முதல் இரண்டு நாள் தூக்கம் இன்னும் கெடலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனிலும் ஏழு நாளோடு அனுப்பிவிடவில்லை. பிறகும் சில தடவை வரச் சொன்னார்கள். இங்கே அந்தப் பின்தொடர்தலை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். வாரம் ஒரு நாள் வர வசதியுள்ளவருக்குப் பழைய முறையும் நல்ல முறைதான். மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்தவர்களெல்லாம் முகாம் போடத் தொடங்கிவிட்டால் ஏற்படும் கேடு, சிகிச்சையே இல்லாததைவிடப் பெரிது.

கூலியைப் பற்றி என்ன? தோட்ட மருத்துவமனையும் நோய்க்கால உதவியும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத் தொழிலாளிக்குப் பெற்றுத் தந்தவை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், டாக்டர் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு பெறலாம். மன நோயையும் உடல் நோயையும் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். டாக்டர் ஏழு நாளுக்கு ஒரே சான்றிதழ் தந்தால் ஏழு நாளும் விடுப்பாகும். பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு சான்றிதழ் கேட்டு எந்தத் தொழிலாளி அலைவான்? கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்கு வருகிற அன்றாடக் கூலிப் பெண்களுக்கு இந்தச் சட்டங்களின் நிழல்கூடப் படுவதில்லை. முகாமுக்கு வருகிற நாட்களுக்கு அவர்களுக்கு ஓர் உதவித் தொகையைக் கேரள, தமிழக அரசுகள் கலந்து பேசித் தர வேண்டும். வேலை ஒரு மாநிலத்தில், வீடு மற்றொரு மாநிலத்தில் என்பதால் இவர்கள் இரண்டு பதிவேட்டிலும் இல்லாமல் போகிறார்கள். இதைத் தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சோடு சேர்த்துக் கேட்கலாம்.

இடவப்பாதி மழை ஜூனில் தொடங்குகிறது. தமிழ் தெரிந்த ஆலோசகர்களைத் தேர்ந்து பயிற்சி அளிக்க மாதங்கள் பிடிக்கும். மலை அடுத்த தடவை சரிந்த பிறகு ஆள் தேடுவதை விட்டு, இந்த ஆண்டுத் திட்டத்திலேயே முதல் இரண்டு முகாம்களுக்கு, ஒன்று கோட்டத்தறையிலும் மற்றது மூணாற்றிலும், சுகாதாரத் துறை பணம் ஒதுக்க வேண்டும். மூணாற்று முகாமுக்கு முதல் அழைப்பு பெட்டிமுடியில் பிழைத்தவர்களுக்குப் போகட்டும்.