வலை கிழிப்பது யார், வலை கொடுப்பது யார்?

அம்பாந்தோட்டைக்கு ஒரு சீனக் கப்பல் வந்தால் போதும், டெல்லிக்குத் தூக்கம் போய்விடும். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 வந்தபோது தொலைக்காட்சிகளில் இதே பேச்சுதான். உளவுக் கப்பலாம், ஏவுகணையைக் கண்காணிக்குமாம்! கவலை நியாயமானதே. 2017-ல் 99 வருடக் குத்தகைக்குச் சீனாவிடம் போன துறைமுகம் அது. ஆனால் டெல்லி கண்டுபிடித்த மருந்துதான் சரியில்லை.

என்ன மருந்து? சீனாவுக்கு ஒரு துறைமுகம் என்றால் இந்தியாவுக்கு ஒரு முனையம். 2019-ல் கொழும்பு கிழக்கு முனையத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2021-ல் இலங்கை கைவிரித்தது. பதிலுக்கு மேற்கு முனையம் அதானிக்குப் போனது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் மின்திட்டம் 2021-ல் சீனக் கம்பெனிக்குக் கிடைத்தது. டெல்லி எதிர்த்தது, அடுத்த வருடம் தானே எடுத்துக்கொண்டது. சரி, இப்படியே எத்தனை நாள்? பணத்தைக் கொட்டுவதில் சீனாவோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியுமா?

சீனாவிடம் இல்லாத சொத்து ஒன்று இந்தியாவிடம் இருக்கிறது. பாக் நீரிணைக்கு அக்கரையில் அதே மொழி பேசி, அதே சாமியைக் கும்பிடும் மக்கள். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வருமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று, அதுதான் இது. 2022 நெருக்கடியில் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது, தமிழ்நாடு அரிசியும் பால்மாவும் அனுப்பியது. அதில் சேர்ந்த நற்பெயரைக் கடலில் கரைப்பது இழுவைப் படகு.

மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். போட்ட வலையைப் பெரிய படகு அறுத்துக்கொண்டு போனால் என்ன நஷ்டம் என்று விரல்விட்டுச் சொல்வார். அதே நஷ்டம்தான் யாழ்ப்பாணத்து மீனவருக்கும். கிழிப்பது தமிழ்நாட்டுப் படகு.

2021 டிசம்பரில் சீனத் தூதர் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்குப் போனார். இங்கே பலர் சிரித்தார்கள். பிறகு வடக்கு மீனவர்களுக்குச் சீனா அரிசியும் கொடுத்தது, வலையும் கொடுத்தது. வலை! எங்கே வலிக்கிறது என்று பெய்ஜிங்குக்குத் தெரிந்திருக்கிறது. டெல்லிக்குத் தெரியவில்லை, சென்னைக்குத் தெரிந்தும் பேச மனமில்லை.

"இலங்கைக் கடற்படை சுடவில்லையா, சிறையில் போடவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தது, செய்கிறது. அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் வலை கிழிந்தது கடற்படைக்கு இல்லை. 2009 வரை போரால் கடலுக்கே ஒழுங்காகப் போக முடியாமல் கிடந்த தமிழனுக்கு.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இழுவைமடியைக் கைவிடும் திசையில் போகலாம் என்று 2016 நவம்பரில் இரு நாடுகளும் பேசி முடித்தன. அடுத்த வருடம் இலங்கை அதைச் சட்டம் போட்டே தடுத்தது. இந்தியா 2,000 படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மூன்று வருடத்தில் முடிய வேண்டியது, இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மானியம் போக மீதியைப் படகுக்காரர் எங்கே புரட்டுவார்?

அந்த மீதியையும் அரசே போடட்டும். படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கும் மாற்று வழி செய்யட்டும். ஒரு துறைமுக முனையத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை. அதைச் செய்யாமல், சீனா வருகிறது சீனா வருகிறது என்று கூவி என்ன பயன்? கதவைத் திறந்து வைத்தது யார்?