எட்டுக்குப் பதினாறு

வடசென்னையின் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கு அடுத்து வரும் கேள்வி, "வண்டி என்ன வச்சிருக்கீங்க?" டூவீலர் ஒன்று என்றால் பேச்சு தொடரும். லோடு ஆட்டோ என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வடசென்னை வண்டிகளைச் செய்துகொடுத்த ஊர். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேரூன்றித்தான் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1950-களிலிருந்து புல்லட் தயாரானது. ஆனால் 1856-ல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரத்தைச் சுற்றியுள்ள பழைய தெருக்கள், கைவண்டியும் மாட்டுவண்டியும் போய்வந்த காலத்து அகலத்திலேயே இருக்கின்றன. இங்கே பலருக்கு வண்டி என்பது வசதி அல்ல, பிழைப்பு. மீன்பாடி வண்டி, ஷேர் ஆட்டோ, குட்டியானை எனும் சிறு லோடு வண்டி எல்லாம் இரவில் எங்கேயாவது நின்றாக வேண்டும்.

கார் ஒன்று நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். கொத்தனார் கணக்கில் ஏறக்குறைய எட்டுக்குப் பதினாறு அடி. ஒரு கிரவுண்டுக்கும் குறைவான மனையில் எழும் நான்கு வீட்டுக் கட்டடத்தின் ஸ்டில்ட்டை, அதாவது தூண்கள் தாங்கும் திறந்த தரைத்தளத்தைப் பாருங்கள். தூண்களுக்கு நடுவே சம்ப் மூடி, மோட்டார், ஈபி மீட்டர் பலகை, மாடிப்படி. மிச்ச இடத்தில் கைப்பிடியோடு கைப்பிடி உரசி நிற்கும் பைக்குகள். காசிமேட்டு மீன் ஏலத்துக்காக விடியும் முன்பே கிளம்புகிறவர், தன் வண்டியை வெளியே எடுக்க இரண்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மும்பை வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில் 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப்பகுதி, அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2016-ன் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப்பகுதியில் சேர்த்திருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனை, அல்லது 8 வீடுகளுக்கு மிகாத கட்டடம் என்றால் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டே கால் கிரவுண்டு. ராயபுரத்துச் சந்துகளில் எழும் கட்டடங்களில் எத்தனை இந்த வரம்பைத் தாண்டும்? பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள் வாங்கும் வீட்டுக்கு வெளியிலேயே சட்டம் நின்றுவிடுகிறது. வரைபடத்தில் 'பார்க்கிங்' என்று காட்டிய இடம் பின்னாளில் கடையாக மாறினாலும், வீடு வாங்கியவர் கையில் பெரும்பாலும் மிஞ்சுவது கட்டுநரின் வாய்வார்த்தைதான். எட்டு வீட்டு விலக்கைக் குறைப்பதும், நிறுத்துமிடத்தைக் கிரையப் பத்திரத்தில் வரைபடத்தோடு எழுதவைப்பதும் அரசு தள்ளிப்போடக் கூடாத வேலைகள்.

ஜப்பானில் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருப்பதாகக் காட்டினால்தான் கார் வைத்துக்கொள்ள முடியும்; அந்தச் சட்டம் 1962-ல் வந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் அடிபடுபவர் குட்டியானை ஓட்டுநர்தான். அவருக்கு முதலில் இடம் வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. நிறுத்துமிடம் உள்ள நிலையங்களில், பயணிகளின் வண்டிகள் கிளம்பிய பிறகு இரவில் காலியாகும் இடத்தைக் குறைந்த மாதக் கட்டணத்தில் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடலாமே.

இடம் கிடைத்தாலும் எந்த உயரத்தில் என்பது இன்னொரு கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின்னும் கறுப்புப் பிசுக்கு சுவரில் ஒட்டியிருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, ஸ்டில்ட் பள்ளமாகி வெள்ளம் முதலில் புகும் இடமாகிறது.

வீடு பார்க்கப் பலரும் ஞாயிற்றுக்கிழமை பகலில் போகிறார்கள். லோடு ஆட்டோக்கள் வேலைக்குப் போயிருக்கும், தெரு அகலமாகத் தெரியும். அதே தெருவுக்கு இரவு பத்தரைக்குப் போனால், கேட்டை ஒட்டி நிற்கும் ஷேர் ஆட்டோவைத் தாண்டி நடந்து போகவே உடம்பை ஒருக்களிக்க வேண்டியிருக்கிறது.