மூன்று ‘எஸ்’ எடுத்தவளுக்கும் வழியுண்டு

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் இறக்காமத்தில் சில வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. ஒரு போகத்து நெல்லை விற்று மகளை உயிரியல் பிரிவில் படிக்கவைத்த வாப்பா வாசலில் பேசாமல் இருப்பார். “மூணு எஸ்தான் வந்திருக்கு. இனி இவள் என்ன செய்யிற?” என்று அண்மையில் ஓர் உம்மா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் ஒழுங்கான பதில் வைத்திருக்கிறோமா?

நமது நாட்டில் மருத்துவ பீடத்துக்குச் செல்பவரைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. அம்பாறை பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்டு அதற்கென ஒதுக்கீடு இருப்பினும் இடங்கள் சிலவே. ஆகவே, சித்தியடைந்தும் பெரும்பாலானோர் வெளியே நிற்கின்றனர். அவர்களை ‘தோற்றவர்கள்’ என்று ஊர் அழைப்பது பெரும் தவறு.

புள்ளி குறைந்தவர் நோயாளியைப் பார்க்கத் தகுதியற்றவர் என்பதும் உண்மையல்ல. மருத்துவப் பட்டம் பெறாமல், குறுகிய பயிற்சியோடு வந்த அப்போதிக்கரிமார்தான் பல தசாப்தங்களாக நமது கிராமத்து மருந்தகங்களைத் தாங்கினார்கள். அமெரிக்காவில் 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் யூஜின் ஸ்டெட் ‘மருத்துவர் உதவியாளர்’ பயிற்சியை ஆரம்பித்தபோது, கடற்படையில் காயம்பட்டோரைப் பராமரித்துப் பழகியவர்களையே முதலில் சேர்த்தார். இன்றும் அங்கே அப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் நோயாளருடன் பணியாற்றிய மணித்தியாலங்களைக் காட்டுகிறார். பட்டப்படிப்பில் புள்ளி குறைந்தவர், பின்னர் விஞ்ஞானப் பாடங்களை மீண்டும் படித்து, தாம் முன்னேறியதை நிரூபிக்கிறார். பழைய புள்ளி அழிவதில்லை. ஆனால் அதுவே கடைசி வார்த்தையாகவும் இருப்பதில்லை.

நமது பிள்ளைகள் இதிலிருந்து எதைக் கற்கலாம்?

முதலாவது, மீண்டும் எழுதுவது. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம். ஆனால் அதே வகுப்பில் அதே முறையில் படித்தால் அதே பெறுபேறுதான் வரும். எந்தப் பாடத்தில், எந்த அலகில் விழுந்தோம் என்று முதலில் கண்டறிய வேண்டும்.

இரண்டாவது, மாற்று வழிகளைத் தேடுவது. தாதி, குடும்பநல மருத்துவ மாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலிய பயிற்சிகளுக்குக் கேட்கும் தகைமைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை; அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறுவதும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியைக் கடைசி வரிவரை வாசியுங்கள். பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக வேலை பழகி, பரீட்சை எழுதி மருந்தாளராகும் வழியும் உண்டு. கையால் கற்ற வேலைக்கு மதிப்புள்ள வழி அது.

மூன்றாவது, காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருப்பது. முதலுதவிப் பயிற்சி, கிளினிக்கில் தொண்டு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைத் திகதியோடும் மணித்தியாலத்தோடும் ஒரு கொப்பியில் எழுதி, பொறுப்பானவரிடம் ஒப்பம் பெறுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள். நேர்முகப் பரீட்சையில் புள்ளி ஏன் குறைந்தது என்று கேட்டால் சாக்குச் சொல்லாமல், நடந்ததையும் அதன் பின் செய்ததையும் இரண்டு வசனங்களில் கூறுங்கள்.

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு நமது கடமை முடிந்துவிடாது. 2017 ஏப்ரலில் வாங்காமத்தில் கந்தூரிச் சோறு உண்ட நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர்; உயிர்களும் போயின. அப்படிப்பட்ட நாளில் வைத்தியர் மட்டும் போதாது. சேலைன் ஏற்றத் தெரிந்த தாதி வேண்டும். சமைத்த இடத்தைப் பரிசோதிக்க ஆள் வேண்டும். பயந்துபோன தாயிடம் அவளது மொழியில் பேசும் ஒருவரும் வேண்டும். வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருபவர் இடமாற்றம் கேட்டுப் போய்விடலாம். ஊர்ப்பிள்ளை பெரும்பாலும் ஊரிலே நிற்பாள்.

ஆகவே, சுகாதாரப் பயிற்சிகளுக்கு ஆட்சேர்க்கும்போது அடிப்படைத் தகைமையுடன், நிரூபிக்கப்பட்ட சேவைக்கும் பிரதேச மொழியறிவுக்கும் ஒரு பங்கு புள்ளி வழங்கப்பட வேண்டும் என்பது எனது கருத்து. தரம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். பயிற்சியின் இறுதிப் பரீட்சையை இலகுவாக்கும்படி நான் கேட்கவில்லை. வாசலை மட்டுமே சற்று அகலமாக்கக் கேட்கிறேன். தகுதியற்றவர் அந்தப் பரீட்சையில் தாமாகவே விலகிவிடுவார்.

அதுவரை நமது சங்கங்களும் பாடசாலைகளும் ஒரு காரியம் செய்யலாம். பெறுபேறு வந்த மறுவாரமே, சிறந்த சித்தி பெற்றோருக்குப் பாராட்டு விழா வைக்கும் அதே மண்டபத்தில், குறைந்த புள்ளி பெற்றோரையும் பெற்றோருடன் அழைத்து வழிகாட்டலாம். மாலை வாங்குபவனுக்கு வழி தெரியும். வாசலில் பேசாமல் இருக்கும் அந்த வாப்பாவுக்குத்தான் நாம் வழி காட்ட வேண்டும்.