கழித்தல் கணக்குப் போட்ட ஆயர்

2011 ஜனவரி 8 அன்று, இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, அந்த மறைமாவட்டத்தின் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கணக்கை முன்வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில், போர் நடந்த வடக்கின் வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் என்று அரசின் கச்சேரியே, அதாவது மாவட்டச் செயலகமே, பதிவு செய்திருந்தது 4,29,059 பேரை. போர் முடிந்த பின், 2009 ஜூலை 10 வரை அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று ஐ.நா. சொன்னது 2,82,380 பேரை. மிச்சம் 1,46,679. இவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் இந்த எண் அப்படியே இறந்தவர் கணக்காக முழங்கப்படுகிறது. அதை மறுப்பவர்களுக்கு இதைவிட வசதியான பிடி கிடைக்காது. ஆயரின் வாதம் அசைக்க முடியாததாக இருந்ததே அது கேள்வியாக நின்றதால்தான். அவருடைய நீண்ட பணியில் நாம் எடுத்துப் பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்பது என் கருத்து.

1940-இல் நெடுந்தீவில் பிறந்த அவர் 1992-இல் மன்னார் ஆயரானார். போர் முடியும்வரை ஆளும் கை மாறிக்கொண்டே இருந்த நிலம் அது. அந்த மறைமாவட்டத்தின் மடு மாதா ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது 1999 நவம்பர் 20 அன்று எறிகணைகள் விழுந்ததில் சுமார் 40 பேர் இறந்தார்கள். மடுவை ஆயுதமற்ற பகுதியாக வைத்திருங்கள் என்ற கோரிக்கையை இராணுவம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்பும் முழுதாக மதிக்கவில்லை. 2008 ஏப்ரலில் சண்டை ஆலயத்தை நெருங்கியபோது, சிங்களரும் தமிழரும் சேர்ந்து வணங்கும் அந்த மாதாவின் திருவுருவத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகஸ்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. சிலையைக் காப்பாற்ற முடிந்தது, ஆட்களை முடியவில்லை. போரின் கடைசி நாளான 2009 மே 18 அன்று, சரணடைந்தவர்களுடன் சென்ற யாழ்ப்பாண மறைமாவட்டக் குரு பிரான்சிஸ் ஜோசப் இன்றுவரை திரும்பவில்லை.

இப்படிப்பட்ட ஒரு இடத்தில் ஆறுதல் சொல்வதோடு ஆயரின் வேலை முடிந்திருக்கலாம். மத குருவுக்குக் கணக்கு எதற்கு, அது அரசியல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் வன்னியில் எண்ணிக்கை சோற்றுப் பிரச்சினை. 2009 பிப்ரவரியில் அங்கே இருப்பது சுமார் 70 ஆயிரம் பேர்தான் என்று அரசுத் தரப்பு சொன்னது. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் மட்டுமே அதைப்போல் பல மடங்கு. குறைத்துச் சொன்ன எண்ணுக்கு ஏற்பத்தான் உணவும் மருந்தும் போகும். அங்கே ஆளை எண்ணுவதும் மேய்ப்புப் பணிதான். இதற்கு முன்னோடியும் உண்டு: எல் சால்வடாரில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ கொல்லப்பட்டோர், காணாமல் போனோர் பற்றிய விவரங்களை ஞாயிறு மறையுரையில், வானொலி வழியாக நாடே கேட்கச் சொல்லிவந்தார். 1980 மார்ச் 24 அன்று திருப்பலியின்போது அவர் சுடப்பட்டார். 2018-இல் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. இராயப்பு யோசேப்பின் கேள்விக்கு விளக்கம் வரவில்லை. 2012-இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் அந்த எண் குறித்து அவரையே விசாரித்தார்கள்.

அவர் ஒரு பக்கச் சார்பானவர் என்ற குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கொழும்பில் அவரைப் புலிகளின் ஆயர் என்றே ஏசினார்கள். அதை அரசியல் வசை என்று விடலாம். முஸ்லிம்களின் மனக்குறை வேறு வகை. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள், மன்னாரிலிருந்தும்தான். போருக்குப் பின் அவர்கள் ஊர் திரும்பியபோது எழுந்த காணித் தகராறுகளில் ஆயர் தமிழர் பக்கமே நின்றார் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவரைப் போற்றுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. அதே நேரம், அவர் சார்புடையவர் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கழித்தலின் விடை மாறாது. அதில் உள்ள இரண்டு எண்களில் ஒன்று அரசுடையது, மற்றது ஐ.நா.வுடையது.

கச்சேரி எண் மிகைப்படுத்தப்பட்டது, பலர் பதிவில்லாமல் தப்பியிருப்பார்கள், சிலர் படகேறி இந்தியாவுக்கே வந்திருப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. நியாயமான சந்தேகம்தான். ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் பொதுமக்கள் சாவு 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்றது, 2012-இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதால்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டச் சொல்கிறோம். இந்தியாவுக்கு வந்தவர்களைக் கழிக்க வேண்டுமா? தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் வழி குறுகியது. வந்து இறங்குபவர்களை மண்டபம் முகாமில் பதிவு செய்கிறோம். முகாமுக்கு வெளியே, சென்னைப் புறநகரில் வாடகை வீடுகளில் இருப்பவர்களின் விவரம் காவல் நிலையத்தில் இருக்கிறது. ஆக விடையின் ஒரு பகுதி தமிழக அரசின் அலமாரியிலேயே கிடக்கிறது.

இராயப்பு யோசேப்பு 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று காலமானார். இலங்கையில் காணாமல் போனோர் அலுவலகம் 2018-இல் வேலை தொடங்கியது. காணாமல் போனோரின் உறவுகள் இன்னும் தெருவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாமோ மே 18 வந்தால் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் சுவரொட்டி ஒட்டுகிறோம், வீரவணக்கம் சொல்கிறோம். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, இங்கே இருக்கும் அகதிக் குடும்பங்களிடம் போய், 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த உங்கள் உறவினர் யார் யார், கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு கேட்டு எழுதலாம். பெயர் வெளியே போகாது என்ற உறுதியை தமிழக அரசு தர வேண்டும். ஊரில் இன்னும் சொந்தம் இருப்பவர்கள் அது இல்லாமல் வாய் திறக்க மாட்டார்கள்.